கணினி மின்வழங்கிகளின் திறன் அறிவிப்பு

கணினி மின்வழங்கி என்பது வீட்டு மின்னிணைப்பிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற, தாழ்ந்த மின்னழுத்தமுடைய நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவி ஆகும். தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளில் இது எஸ்எம்பிஎஸ் என்றே அழைக்கப்படுகிறது. இக்கருவிகள் அவற்றின் வெளியீட்டுத் திறனை வாட் அலகில் குறித்து விற்கப்படுகின்றன. ஆனால் பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்படும் அந்த எண் எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரத்துக்கு, எந்த மின்னழுத்தத்தில் கிடைக்கும் என்பதைப் பல உற்பத்தியாளர்கள் சொல்வதில்லை. அதனால் 500 வாட் என்று விற்கப்படும் இரு கருவிகளில் ஒன்று அத்திறனை நாள் முழுவதும் தரக்கூடியதாகவும், மற்றொன்று அதில் பாதியைத் தாண்டும்போதே பழுதடையக்கூடியதாகவும் இருக்கலாம். மின்வழங்கி பழுதடையும்போது தாய்ப்பலகை, வன்தட்டு போன்றவற்றையும் சேதப்படுத்தக் கூடும் என்பதால், இவ்வறிவிப்புகளின் நம்பகத்தன்மை விலையைப் பற்றிய வினா மட்டுமன்று.

செயற்பாடு

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்னிணைப்பு 230 வோல்ட், 50 ஏர்ட்சு ஆகும். மின்வழங்கியினுள் நுழையும் இம்மின்னோட்டம் முதலில் இரைச்சல் வடிப்பியைக் கடந்து, அலைதிருத்தியால் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பின்னர் திரிதடையங்கள் இதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தியும் தொடக்கியும் ஒரு சிறிய மின்மாற்றிக்கு அனுப்புகின்றன. அதிர்வெண் மிகுதியாக இருப்பதால் மின்மாற்றி சிறியதாக இருந்தாலே போதும். பழைய கருவிகளின் கனத்த இரும்பு மின்மாற்றி இங்கு இல்லாமைக்கு இதுவே காரணம். மின்மாற்றியின் மறுபுறம் பெறப்படும் மின்னோட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, வடிக்கப்பட்டு, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய தடங்களில் வெளிவருகிறது.

இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறையும் அதன் பிந்திய பதிப்புகளும் இத்தடங்களுக்கு எல்லை வகுத்துள்ளன. ஏடிஎக்ஸ் 3.0-க்கு முந்திய பதிப்புகளின்படி மேற்கூறிய மூன்று தடங்களும் தத்தம் அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. அதாவது 12 வோல்ட் தடம் 11.40-க்குக் கீழும் 12.60-க்கு மேலும் செல்லலாகாது. நேர்திசை மின்னோட்டத்தின் மேல் எஞ்சி நிற்கும் சிற்றலை 12 வோல்ட் தடத்தில் 120 மில்லிவோல்ட்டுக்கும், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட்டுக்கும் உட்பட்டிருக்க வேண்டும். ஒரு மின்வழங்கி 500 வாட் தருகிறது என்றால் இந்த எல்லைகளுக்குள் நின்று 500 வாட் தருகிறது என்றே பொருள் கொள்ள வேண்டும். எல்லையைக் கடந்து தரப்படும் திறனைக் கணினி உறுப்புகள் பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலாது.

வாட் எண்ணின் பொருள்

திறன் அறிவிப்பில் முதலில் நோக்கத்தக்கது தொடர் திறனுக்கும் உச்சத் திறனுக்கும் உள்ள வேறுபாடு ஆகும். தொடர் திறன் என்பது கருவி இடைவிடாமல் தரக்கூடியது. உச்சத் திறன் என்பது சில நொடிகளோ அதற்கும் குறைவான நேரமோ மட்டும் தாங்கக்கூடியது. மலிவான கருவிகளில் பெட்டியின் முகப்பில் காணப்படும் எண் பெரும்பாலும் உச்சத் திறனாகவே இருக்கும். ஒலிபெருக்கிகளின் மேல் நூற்றுக்கணக்கான வாட் எழுதப்பட்டிருப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அடுத்தது வெப்பநிலை. மின்வழங்கியின் உட்பாகங்கள் சூடேறச் சூடேற அவற்றால் பாதுகாப்பாகக் கடத்தக்கூடிய மின்னோட்டம் குறைகிறது. எனவே 25 பாகை செல்சியசில் 500 வாட் தரும் கருவியும் 50 பாகையில் 500 வாட் தரும் கருவியும் ஒன்றல்ல. தரமான உற்பத்தியாளர்கள் 40 அல்லது 50 பாகையில் தொடர் திறன் எவ்வளவு என்று எழுதுகின்றனர். வெப்பநிலையைக் குறிப்பிடாத அறிவிப்பைக் குளிர்ந்த அறையில் பெற்ற அளவாகக் கருதுவதே முறை. கணினிப் பெட்டியின் உட்புறம் எப்போதும் அறையை விடச் சூடாகவே இருக்கும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் கோடையில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

சில உற்பத்தியாளர்கள் மூன்றாவது வழியொன்றையும் கையாள்கின்றனர். கருவியின் பெயரில் 450 அல்லது 500 என்ற எண் இருக்கும், ஆனால் அதனருகே வாட் என்ற சொல் இராது. அந்த எண் மாதிரியின் பெயரே அன்றித் திறன் அன்று என்று பின்னர் வாதிட இது இடமளிக்கிறது.

விவரச்சீட்டின் கணக்கு

பெட்டியை விட நம்பத்தக்கது கருவியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் விவரச்சீட்டு ஆகும். அதில் ஒவ்வொரு தடத்துக்கும் உரிய ஆம்பியர் அளவு எழுதப்பட்டிருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அத்தடத்தின் வாட் கிடைக்கும். பள்ளி இயற்பியலுக்கு மேல் இதற்கு எதுவும் தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, 400 வாட் என்று எழுதப்பட்ட ஒரு கருவியின் சீட்டில் 3.3 வோல்ட் தடத்துக்கு 20 ஆம்பியர், 5 வோல்ட் தடத்துக்கு 25 ஆம்பியர், 12 வோல்ட் தடத்துக்கு 16 ஆம்பியர் எனக் குறிப்பிட்டிருப்பதாகக் கொள்வோம். இவை முறையே 66, 125, 192 வாட் ஆகும். எதிர்மறை 12 வோல்ட் தடத்தின் 6 வாட்டையும், கணினி அணைந்திருக்கும்போதும் இயங்கும் காத்திருப்புத் தடத்தின் 10 வாட்டையும் சேர்த்தால் கூட்டுத்தொகை 399 வாட். முகப்பிலுள்ள 400 இவ்வாறு பிறக்கிறது. ஆனால் அதே சீட்டில் சிறிய எழுத்தில் 3.3 வோல்ட், 5 வோல்ட் தடங்கள் இரண்டும் சேர்ந்து 120 வாட்டைத் தாண்டலாகாது என்று இருக்கும். அதன்படி கணக்கிட்டால் கருவியின் மொத்தத் திறன் 328 வாட் மட்டுமே.

இதை விடவும் பெரிய குறை 12 வோல்ட் தடத்தில் உள்ளது. 1990-களின் கணினிகளில் மையச் செயலிகள் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களிலிருந்தே மின்சாரம் பெற்றன. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது செயலிக்கென்று 12 வோல்ட் தரும் நான்கு முனை இணைப்பி ஏடிஎக்ஸ் வரையறையில் சேர்க்கப்பட்டது. பின்னர் வரைகலை அட்டைகளும் அத்தடத்துக்கே மாறின. இன்றைய கணினியில் மிகப் பெரும்பகுதித் திறன் 12 வோல்ட் தடத்திலிருந்தே பெறப்படுகிறது. மேற்கண்ட கருவியில் 95 வாட் செயலியையும் 150 வாட் வரைகலை அட்டையையும் இணைத்தால் 12 வோல்ட் தடத்தின் தேவை 245 வாட் ஆகிவிடும். அத்தடம் தருவதோ 192. "400 வாட்" கருவி 300 வாட்டை எட்டும் முன்னரே தோற்பதற்கு இதுவே காரணம். 5 வோல்ட் தடத்தில் எஞ்சியிருக்கும் திறன் எவருக்கும் பயன்படாது. பழைய வடிவமைப்பை மாற்றாமல் புதிய சீட்டை மட்டும் ஒட்டி விற்கப்பட்ட கருவிகள் 2000-களில் மிகுந்திருந்தன. இன்றும் விலை மலிந்த பெட்டிகளுடன் இணைத்து விற்கப்படும் கருவிகளில் இவ்வமைப்பைக் காணலாம்.

இதற்கு மாறாக, நேர்மையாக மதிப்பிடப்பட்ட இக்காலத்து 400 வாட் கருவியின் 12 வோல்ட் தடம் ஏறத்தாழ 32 ஆம்பியர், அதாவது 384 வாட் வரை தரும். எனவே இரு கருவிகளை ஒப்பிட விரும்புவோர் முகப்பு எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் தடத்தின் மொத்த ஆம்பியரை ஒப்பிடுவது பொருத்தமாகும்.

பல 12 வோல்ட் தடங்கள்

2003-இல் வந்த ஏடிஎக்ஸ் 12வி 2.0 வரையறை, ஒரு கம்பித் தொகுதியில் 240 வோல்ட் ஆம்பியருக்கு மேல் பாய்வது தீ அபாயம் என்ற பாதுகாப்பு நெறியைப் பின்பற்றி, 12 வோல்ட் வெளியீட்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. இவை தனித்தனி மின்மூலங்கள் அல்ல. ஒரே மூலத்திலிருந்து கிளைத்து, ஒவ்வொரு கிளைக்கும் தனி மின்னோட்ட எல்லை உடையவை. ஆனால் விளம்பரங்கள் 18 ஆம்பியர் தடங்கள் நான்கு என்று கூறி, 72 ஆம்பியர் கிடைக்கும் என்ற எண்ணத்தை வாங்குவோர் மனத்தில் விதைத்தன. நான்குக்கும் பொதுவான உச்ச வரம்பு வேறாக, பெரும்பாலும் மிகக் குறைவாக இருந்தது. சில கருவிகளில் சீட்டில் நான்கு தடங்கள் எழுதப்பட்டிருந்தும், உள்ளே எவ்வித எல்லைச் சுற்றும் இல்லாமல் கம்பிகள் அனைத்தும் ஒரே இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்ததைத் திறனாய்வாளர்கள் கண்டனர். சில ஆண்டுகளில் நிலை தலைகீழாகி, ஒற்றைத் தடமே உயர்ந்தது என்று விளம்பரங்கள் கூறத் தொடங்கின. ஒழுங்காக வடிவமைக்கப்பட்டால் இரண்டுமே ஏற்கத்தக்கவை.

80 பிளஸ் சான்றிதழ்

மின்வழங்கி தரும் திறனுக்கும் அது மின்னிணைப்பிலிருந்து எடுக்கும் திறனுக்கும் உள்ள விகிதம் பயனுறுதிறன் எனப்படும். 80 விழுக்காடு பயனுறுதிறன் உடைய கருவி கணினிக்கு 300 வாட் தர 375 வாட் எடுக்கும். எஞ்சிய 75 வாட் வெப்பமாக வீணாகும். 500 வாட் கருவி எப்போதும் 500 வாட் எடுக்கும் என்று பலர் எண்ணுவது சரியன்று. கணினி எவ்வளவு கேட்கிறதோ அதற்கேற்பவே அது எடுக்கும்.

80 பிளஸ் திட்டம் அமெரிக்காவில் ஈக்கோஸ் கன்சல்ட்டிங் என்ற நிறுவனத்தால் 2004-இல் தொடங்கப்பட்டது. 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் காட்டும் கருவிகளுக்குச் சான்று அளிக்கப்பட்டது. 2008-இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் ஆகிய படிகளும், பின்னர் பிளாட்டினம், டைட்டேனியம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. 115 வோல்ட் மின்னிணைப்பில் மேற்கூறிய மூன்று சுமைகளுக்கும் உரிய எல்லைகள் (விழுக்காட்டில்) வருமாறு:

வெண்கலம்: 82, 85, 82
வெள்ளி: 85, 88, 85
தங்கம்: 87, 90, 87
பிளாட்டினம்: 90, 92, 89
டைட்டேனியம்: 92, 94, 90 (கூடுதலாக 10 விழுக்காடு சுமையிலும் 90)

இச்சான்றிதழ் வாங்குவோருக்குப் பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. முழுச் சுமையில் அளக்கப்படுவதால், முகப்பிலுள்ள வாட் அளவைத் தரவே இயலாத கருவிகள் அதனைப் பெற இயலாது. ஆனால் தங்கம் என்ற சொல் கருவியின் ஒட்டுமொத்தத் தரத்தைக் குறிப்பதாக விளம்பரங்கள் பயன்படுத்துவது தவறான பொருளைத் தருகிறது. சிற்றலை, மின்னழுத்த நிலைப்பு, பாதுகாப்புச் சுற்றுகள், மின்தேக்கிகளின் ஆயுள், ஒலி ஆகிய எதனையும் இத்திட்டம் மதிப்பிடுவதில்லை. சோதனை ஏறத்தாழ 23 பாகை வெப்பநிலையில் நடத்தப்படுகிறது. சோதிக்கப்படும் மாதிரிகளை உற்பத்தியாளரே அனுப்புகின்றனர். அனுப்பிய கருவிக்கும் கடையில் கிடைக்கும் கருவிக்கும் உள்ள ஒற்றுமையை அச்சான்று மட்டும் உறுதி செய்யாது. சான்று பெறாமலேயே சின்னத்தை அச்சிட்டு விற்போரும் உள்ளனர். சான்று பெற்ற கருவிகளின் பட்டியல் திட்டத்தின் வலைத்தளத்தில் இருப்பதால், ஐயமிருப்பின் மாதிரியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

சேமிப்பைப் பற்றிய கூற்றுகளையும் கணக்கிட்டே ஏற்க வேண்டும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், 300 வாட் சுமையில் இயங்கும் கணினியில் 80 விழுக்காட்டுக் கருவியை நீக்கி 90 விழுக்காட்டுக் கருவியைப் பொருத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 61 யூனிட் மிச்சமாகும். அலுவலகப் பணிக்கான கணினி 80 வாட்டே எடுக்குமாயின் மிச்சம் 16 யூனிட் மட்டுமே. இதனைக் கொண்டு விலை வேறுபாடு எத்தனை ஆண்டுகளில் ஈடாகும் என்று அவரவர் ஊர் மின்கட்டணப்படி கணித்துக் கொள்ளலாம்.

திறன் காரணித் திருத்தம்

எளிய மின்வழங்கிகள் மின்னோட்டத்தை அலையின் உச்சியில் மட்டும் சிறு துண்டுகளாக எடுப்பதால் அவற்றின் திறன் காரணி 0.6 அளவில் இருக்கும். செயற்படு திருத்தச் சுற்று உடையவற்றில் இது 0.95-க்கு மேல் செல்லும். இச்சுற்று மின்கட்டணத்தைக் குறைக்கும் என்று சில பெட்டிகளில் எழுதப்பட்டிருக்கும். வீட்டு மின்மானி உண்மைத் திறனையே யூனிட்டாக எண்ணுவதால், வீட்டு நுகர்வோரின் கட்டணம் இதனால் குறையாது. இதன் நன்மை மின்கம்பிகளுக்கும் மின்வாரியத்துக்கும் உரியது. தடையிலா மின்வழங்கி வைத்திருப்போருக்கு அதன் மேலுள்ள சுமை குறைவதும் ஒரு பயன்.

பிற விளம்பரச் சொற்கள்

சப்பானிய மின்தேக்கிகள் என்ற சொல் பல பெட்டிகளில் காணப்படுகிறது. 2000-களின் தொடக்கத்தில் குறைபாடுடைய மின்பகு மின்தேக்கிகள் உலகெங்கும் தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் உப்பி வெடித்தமையால் இச்சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டது. ஆனால் முதன்மை மின்தேக்கி சப்பானியம் என்பதும் அனைத்து மின்தேக்கிகளும் சப்பானியம் என்பதும் வேறு. பெரிய மின்தேக்கி ஒன்றை மட்டும் அவ்வாறு பொருத்திவிட்டு, வெப்பம் மிகுந்த வெளியீட்டுப் பக்கத்தில் மலிவானவற்றை வைப்பதுண்டு. 105 பாகை என்ற குறிப்பு 85 பாகை என்பதை விட நன்று. இயங்கும் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொது விதி.

பழுதுகளுக்கிடையே சராசரிக் காலம் 1,00,000 மணி என்பது மற்றொரு கூற்று. இதனைப் பதினோர் ஆண்டு ஆயுள் என்று படித்தல் பிழை. ஆயிரம் கருவிகள் ஒருசேர இயங்கினால் சராசரியாக 100 மணிக்கு ஒன்று பழுதாகும் என்பதே அதன் பொருள். தேய்மானத்தால் வரும் முடிவைப் பற்றி அந்த எண் எதுவும் கூறாது. இதனோடு ஒப்பிட்டால், பொய்யாக்கினால் உற்பத்தியாளருக்கே செலவு வைக்கும் அறிவிப்பு உத்தரவாதக் காலம் ஒன்றுதான். சில உயர்தரக் கருவிகளுக்கு 10 அல்லது 12 ஆண்டுகள் தரப்படுகின்றன. எனினும் கருவி பழுதாகும்போது உடன் சேதமடையும் பிற உறுப்புகளை உத்தரவாதம் பொதுவாக உள்ளடக்காது.

2022-இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, புதிய வரைகலை அட்டைகளின் திடீர்த் தேவையைக் கருத்திற்கொண்டு, 450 வாட்டுக்கு மேற்பட்ட கருவிகள் தம் அளவில் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோநொடிகள் தாங்க வேண்டும் என்றது. அவ்வரையறைக்கு ஆயத்தமானது என்ற சொற்களுடன் விற்கப்பட்ட சில கருவிகளில் புதிய வகைக் கம்பி ஒன்று சேர்க்கப்பட்டிருந்ததே மாற்றம். ஆயத்தம் என்பது இணக்கம் ஆகாது.

விற்பனைப் பெயர் கொண்டு தரத்தை முடிவு செய்வதும் இடர் உடையது. பெயர்பெற்ற பல நிறுவனங்கள் தாமே மின்வழங்கி செய்வதில்லை. தைவானைச் சேர்ந்த சீசானிக், சேனல் வெல், சூப்பர் பிளவர், எப்எஸ்பி போன்ற உற்பத்தியாளர்களிடம் செய்வித்துத் தம் பெயரை இடுகின்றன. ஒரே நிறுவனத்தின் ஒரு வரிசை சிறந்ததாகவும் மற்றொன்று இடைநிலையாகவும் இருப்பது இதனால்தான்.

ஜிகாபைட் மின்வழங்கிகள், 2021

சான்றிதழுக்கும் தரத்துக்கும் உள்ள இடைவெளிக்கு நன்கு பதிவான எடுத்துக்காட்டு, தைவானைச் சேர்ந்த ஜிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாதிரிகள் ஆகும். இரண்டும் 80 பிளஸ் தங்கச் சான்று பெற்றவை. வரைகலை அட்டைகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், அமெரிக்காவின் நியூஎக் இணையக் கடையில் இவை அட்டைகளுடன் சேர்த்தே விற்கப்பட்டதால், விரும்பாதோரும் வாங்க நேர்ந்தது. கேமர்ஸ் நெக்சஸ் என்ற திறனாய்வுக் குழு வாங்கிச் சோதித்த கருவிகளுள் பல வெடித்துப் பழுதாயின. 2021 ஆகத்தில் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, மிகைத்திறன் பாதுகாப்பு செயற்படும் எல்லை 120 முதல் 150 விழுக்காடு வரை என்றிருந்ததை 110 முதல் 120 வரை எனக் குறைத்ததாகத் தெரிவித்தது. நெடுநேரம் அவ்வெல்லையருகே சோதிப்பது கருவியின் ஆயுளைக் குறைக்கும் என்றும் அது கூறியது. குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு மாற்றித்தரும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புச் சுற்று இருக்கிறது என்ற கூற்று உண்மையாக இருந்தும், அது எந்த அளவில் செயற்படும் என்பது சொல்லப்படாத வரை பயனற்றதாகலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சோதனைகளும் சுதந்திரமும்

ஒரு மின்வழங்கியைக் கணினியில் பொருத்தி அது இயங்குகிறது என்று கூறுவது சோதனை ஆகாது. வேண்டிய அளவு சுமையை ஏற்றும் மின்னணுச் சுமைக் கருவி, சிற்றலையைக் காணும் அலைகாட்டி, சூடான சூழலை உருவாக்கும் அறை ஆகியன தேவை. இவற்றின் விலை காரணமாக நீண்ட காலம் எவரும் உற்பத்தியாளர் கூற்றைச் சரிபார்க்கவில்லை. 2000-களில் ஜானிகுரு, ஹார்டுவேர் சீக்ரெட்ஸ் ஆகிய வலைத்தளங்கள் கருவிகளை முழுச் சுமையில் ஓட்டி, திறந்து படம்பிடித்து, சீட்டிலுள்ள எண்ணை எட்டாதவற்றைப் பெயர் சுட்டி வெளியிட்டன. ஜானிகுருவை நிறுவிய ஜான் கெரோ பின்னர் கோர்சேர் நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். சோதிக்கும் அறிவு உள்ளோர் மிகச் சிலரே என்பதால் இத்துறையில் இத்தகைய இடமாற்றம் இயல்பு.

சைப்ரசிலுள்ள சைபனெடிக்சு நிறுவனம் தற்போது பயனுறுதிறனுக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சான்றுகள் வழங்குகிறது. மூன்று நான்கு சுமைப்புள்ளிகளுக்குப் பதிலாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் அளந்து, 115 வோல்ட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் வெவ்வேறு முடிவுகளைத் தருவதோடு, அறிக்கையையும் இலவசமாக வெளியிடுகிறது. 230 வோல்ட் நாடுகளிலுள்ள நமக்கு இரண்டாவது முடிவே பொருந்தும். பொதுவாக அது ஓரிரு விழுக்காடு கூடுதலாக இருக்கும். இந்நிறுவனத்துக்கும் கட்டணம் செலுத்துவோர் உற்பத்தியாளர்களே.

பாதுகாப்புக் குறிகள்

பின்புறம் காணப்படும் சிஇ குறி, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று உற்பத்தியாளர் தாமே செய்யும் அறிவிப்பு. மின்வழங்கிகளைப் பொறுத்தவரை வெளியார் எவரும் சோதித்ததாக அது பொருள்படாது. இந்தியாவில் மின்னணுப் பொருட்களுக்கான 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை, 48 வோல்ட் வரை வெளியீடுடைய தனித்த எஸ்எம்பிஎஸ்களுக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. இதன்படி கருவி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதியப்பட்டு, பதிவு எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். இப்பதிவு மின்னதிர்ச்சி, தீ போன்ற இடர்களிலிருந்து காக்கும் பாதுகாப்புத் தரத்தைச் சார்ந்தது. சிற்றலைக்கோ பயனுறுதிறனுக்கோ அதில் எல்லை வகுக்கப்படவில்லை.